முக்கால் ஏக்கர் மலைக்காணியில் கோப்பி: ஊருக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: மலைச்சாரல் (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். என் தாய்மாமாவின் குடும்பமும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சிலவும் புசல்லாவைக்கு மேலே, தோட்டத்துக்கு வெளியே நாட்டுப்பக்கத்தில், அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று சிறு காணிகளை வைத்திருக்கிறார்கள். கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் உழைத்த பெற்றோர், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதிப் பணத்தில் வாங்கிய நிலம் என்பதால், அதில் எதைச் செய்வதென்றாலும் மாமா பலமுறை யோசிப்பார். இதுவரை போஞ்சி, கோவா, தக்காளி என்று மரக்கறிதான் பயிரிட்டு வந்தார்கள். உரமும் மருந்தும் விலையேறிய பின்னர் கையில் நிற்பது குறைந்துவிட்டது. பெருமழை பெய்தால் மேல்மண்ணும் கரைந்து ஓடையோடு போய்விடுகிறது.

வேலியோரங்களில் பழைய கோப்பி மரங்கள் பல நிற்கின்றன. காயும் பழமுமாக உருவி, முற்றத்தில் காயவைத்து, வழக்கமாக வரும் வியாபாரியிடம் நிறுத்து விற்பார்கள். அந்தப் பணத்தை யாரும் ஒரு வருமானமாகக் கணக்கில் எடுப்பதில்லை. இப்போது கொழும்பில் கோப்பிக் கடைகள் பெருகியிருப்பதால், சிவந்த பழத்தை மட்டும் பறித்து அன்றன்றே தந்தால் கூடுதல் விலை தருவதாகச் சிலர் ஊருக்கு வந்து பேசியிருக்கிறார்கள். மரக்கறியை விட்டுவிட்டு முழுக் காணியிலும் கோப்பியை நடலாமா என்று மாமா என்னிடம் கேட்கிறார்.

காணி சற்றுக் கூடுதலாக உள்ள இரண்டொரு வீடுகள் மட்டும் முன்னேறி, மற்றவர்கள் அவர்களிடம் கூலிக்குப் பழம் பறிக்கும் நிலை வந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. பறிக்கும் வேலை எப்படியும் பெண்களின் தலையில்தான் விழும். அதன் பயன் அவர்கள் கைக்கும் ஊரின் பொதுத் தேவைகளுக்கும் வந்து சேர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? மலைநாட்டில் இத்தகைய வேலைகளில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் மாமாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

பதில் 1: நாற்றுமேடை (கொட்டாஞ்சேனை)

சகோதரி, வாங்க வருபவர்களிடம் மாமா விலையைக் கேட்பதற்கு முன், பழத்தின் தோலை நீக்கிக் கொட்டையைக் காயவைக்கும் வேலை எங்கே நடக்கப் போகிறது என்று கேட்க வேண்டும். ஊருக்கு என்ன மிஞ்சும் என்ற உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. மலைச்சரிவுகளில் சிறு விவசாயிகளோடு நீண்ட காலம் பழகியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஏறத்தாழ 6 கிலோ சிவப்புப் பழத்திலிருந்து 1 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது அதில் ஆறில் ஒரு பங்கு எடை குறையும். ஒரு கோப்பைக்கு 16 கிராம் தூள் போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், மாமா தரும் 1 கிலோ பழம் கொழும்பில் எட்டுக் கோப்பைக்கு மேல் வரும். பழத்துக்கு அவர்கள் சொல்லும் விலையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடை வாடகை, மின்சாரம், ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் நியாயமாகக் கழித்த பின்னரும் பேரம் பேச இடமிருப்பது தெரியும்.

ஆனால் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. பறித்த சில மணி நேரத்திலேயே அது புளிக்கத் தொடங்கிவிடும். லொறி வரத் தாமதித்தாலும், வந்தவர் விலையைக் குறைத்தாலும், கொடுத்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த கொட்டையோ, மேலே உள்ள மெல்லிய ஓடு கழலாமல் இருந்தால், ஈரம் படாத இடத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அதைப் பார்ச்மென்ட் என்பார்கள். சரியான விலை வரும்வரை ஊரார் காத்திருக்கலாம். ஒருவர் ஒத்துவராவிட்டால் வேறொருவரிடம் பேசலாம். ஆகவே என் கருத்தில், நாற்றுக்குச் செலவழிப்பதைப் பற்றி யோசிக்கும்போதே பார்ச்மென்ட் ஊரிலேயே உருவாக வேண்டும் என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வேலை கடினமானதல்ல, ஆனால் ஒழுங்கு வேண்டும். பறித்த அன்றே பழத்தைத் தண்ணீரில் கொட்ட வேண்டும். வண்டு துளைத்தவையும் உள்ளே கொட்டை நிரம்பாதவையும் மிதக்கும். அவற்றை அள்ளித் தனியே ஒதுக்கிவிட வேண்டும். மூழ்கியவற்றைப் பல்ப்பரில் போட்டுச் சுழற்றினால், தோல் ஒரு பக்கமும் வழவழப்பான பசை ஒட்டிய கொட்டை மறுபக்கமும் விழும். அந்தக் கொட்டையைத் தொட்டியில் ஓர் இரவு, குளிர் கூடிய இடங்களில் ஒன்றரை நாள் வரைகூட, விட்டுவைத்தால் பசை தளர்ந்துவிடும். கடிகாரத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க இயலாது. ஒரு கைப்பிடியை அள்ளித் தண்ணீரில் அலசி, உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துப் பார்க்க வேண்டும். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. ஆற்றங்கரைக் கூழாங்கற்கள் போலச் சரசரவென்று உராய்ந்தால் உடனே கழுவிவிட வேண்டும். அதற்கு மேலும் விட்டால் ஏறும் புளித்த வாடை, எவ்வளவு திறமையாக வறுத்தாலும் போகாது.

கழுவியதை வெறும் முற்றத்தில் பரப்பாமல், இடுப்பளவு உயரத்தில் வலை கட்டிய தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, உச்சி வெயிலிலும் இரவிலும் மூட வேண்டும். ஈரப்பதம் 11 அல்லது 12 சதவீதத்துக்கு இறங்க இரண்டு வாரமளவில் ஆகலாம். இரண்டு பருவமழைகளும் எட்டும் பகுதியில் இருப்பதால், தட்டுகளுக்கு மேல் பொலித்தீன் கூடாரம் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

ஒரு வீடு தனியாக இதைச் செய்வது வீண்செலவு. கையால் சுழற்றும் ஒரு பல்ப்பர், ஒரு தொட்டி, ஒரு கூடாரம் ஆகியவற்றைப் பல வீடுகள் சேர்ந்து வைத்துக்கொண்டால், அரை ஏக்கர்க்காரரின் ஒரு வாளிப் பழமும் ஓர் ஏக்கர்க்காரரின் இரண்டு மூட்டைப் பழமும் ஒரே தரத்தில் வெளிவரும். உங்களுடைய கவலைக்கு இதைவிட நல்ல காப்பு எனக்குத் தெரியவில்லை.

இனிக் காணிக்கு வருகிறேன். முழுவதிலும் நட வேண்டாம். நட்ட கன்றிலிருந்து முதல் அறுவடைக்கு மூன்று ஆண்டுகளாவது ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமல்லவா? இரண்டு மீற்றர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 கன்றுகள் பிடிக்கும். மண் அதிகமாகக் கரையும் மேல் சரிவில், சரிவுக்குக் குறுக்காக ஒரே உயரத்தில் வரிசை பிடித்து முதலில் நடட்டும். இடையிடையே கிளிரிசிடியா மரம் வைத்து அதில் மிளகு ஏற்றினால் நிழலும் கிடைக்கும், இன்னொரு வருமானமும் கிடைக்கும். வீட்டை ஒட்டிய தட்டையான பகுதியில் போஞ்சியும் கோவாவும் தொடரட்டும். பழைய மரங்களைப் பிடுங்கிவிடாதீர்கள். நிலத்திலிருந்து முழங்காலளவுக்குக் கீழே சாய்வாக அறுத்துவிட்டு, வரும் தளிர்களில் பலமான இரண்டு மூன்றை மட்டும் விட்டால், புதுக் கன்றுக்கு முன்னரே அவை காய்த்துவிடும். நாற்றுகளுக்கும் ஆலோசனைக்கும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரை அணுகுங்கள். கோப்பி அவர்களுடைய பொறுப்பில் உள்ள பயிர்.

பதில் 2: பழஞ்சுவடி (வத்தளை)

நாற்றுமேடை ஐயா சொன்னதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. புசல்லாவை என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அங்குள்ள ரொத்ஸ்சைல்ட் தோட்டம் 1840களில் டி வோர்ம்ஸ் சகோதரர்கள் கோப்பிக்காகவே திறந்த தோட்டம். 1870 அளவில் இலங்கை ஆண்டுக்கு 10 கோடி இறாத்தலை எட்டும் அளவுக்குக் கோப்பியை ஏற்றுமதி செய்தது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் முக்கியமாக அந்தக் கோப்பிக்காகத்தான். தோட்டங்களில் கழுவி அரைகுறையாகக் காயவைத்த பார்ச்மென்ட் மூட்டைகள் கொழும்புக்கு வந்து, இங்கிருந்த பண்டகசாலைகளில் மீண்டும் காய்ந்து, ஓடு நீங்கி, பெண்களின் கைகளால் தரம் பிரிக்கப்பட்டுக் கப்பலேறின.

அதே காலத்தில் கண்டிய கிராமத்தவர் வீட்டுத் தோட்டங்களில் விளைவித்த கோப்பியும் ஏற்றுமதியில் கணிசமான பங்கை வகித்தது. அவர்கள் பழத்தைக் கழுவிப் பதப்படுத்தாமல், அப்படியே காயவைத்து, ஊருக்கு வரும் வியாபாரிகளிடம் விற்றார்கள். தோட்டக் கோப்பியைவிட மிகக் குறைந்த விலையே அதற்குக் கிடைத்தது. உங்கள் மாமாவின் முற்றத்தில் இன்றும் நடப்பது அதுவேதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பெரும் தொழிலையே சாய்த்துவிட்டது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884இல் முறிந்தபோது கொழும்பு நகரமே ஆட்டங்கண்டது. பெரும் பரப்பில் காட்டை அழித்து ஒரே பயிரை அடர்த்தியாக நட்டதால், நோய் தடையின்றிப் பரவியது. அந்த நோய் இன்றும் நம் மலைகளில் இருக்கிறது. கட்டிமோர் போன்ற நோயெதிர்ப்பு கொண்ட வகைகள் இப்போது உள்ளன என்றாலும், எதிர்ப்பு காலப்போக்கில் தளரக்கூடியது. ஆகவே மிளகு, அவகாடோ, வாழை எல்லாம் கலந்த காணியாகவே இருக்கட்டும்.

மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியாக நடந்து வந்து, வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் எண்ணற்றோரை இழந்து, அந்தக் கோப்பியை நட்டதும் பறித்ததும் நம் முன்னோர். அவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு சாணும் சொந்தமாக இருக்கவில்லை. இப்போது நம்மவர்கள் தங்கள் பெயரில் காணி உறுதி உள்ள நிலத்தில் கோப்பி நடப்போகிறார்கள் என்று வாசிக்கும்போது மனம் நிறைகிறது.

பதில் 3: வரவு செலவு (தெமட்டகொடை)

கூட்டுறவுக் கணக்காய்வில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், பயிரைப் பற்றிப் பேசாமல் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பொதுப் பல்ப்பர் என்பது நல்ல யோசனை. ஆனால் அதை யாருடைய வீட்டில் வைப்பது என்பதிலேயே பாதிச் சங்கங்கள் உடைந்துவிடுகின்றன. நான் கணக்குப் பார்த்த ஒரு சங்கத்தில், உதவியாகக் கிடைத்த இயந்திரம் தலைவர் வீட்டுக் களஞ்சியத்தில் பூட்டிக் கிடந்தது. உறுப்பினர்கள் அவரிடம் கேட்டுக் கேட்டுச் சலித்து, பழையபடி வியாபாரியிடமே போய்விட்டார்கள். பொது இடமாக இருக்க வேண்டும். சாவி இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

பழத்தைக் கொண்டுவந்தவர் கண்ணெதிரே நிறுத்து, எடையை அவருடைய சிறு கொப்பியிலும் சங்கத்தின் பேரேட்டிலும் அப்போதே எழுதி, முதல் தவணைப் பணத்தை அன்றோ அந்த வாரத்துக்குள்ளோ கொடுக்க வேண்டும். பார்ச்மென்ட் விற்ற பிறகு செலவைக் கழித்து மிஞ்சும் தொகையை, தந்த பழத்தின் எடைக்கு ஏற்ப இரண்டாம் தவணையாகப் பிரிக்க வேண்டும். இந்த இரண்டாம் தவணைதான் மக்களைச் சங்கத்தோடு கட்டிவைக்கும். வியாபாரி தருவது ஒரே தடவைதான் என்பதை ஒரு போகம் முடிந்ததும் எல்லோரும் கண்டுகொள்வார்கள்.

பெண்கள் விடயத்தில் உங்கள் கவலை மிகச் சரியானது. தோட்டங்களில் 1984இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் வந்தது. அதற்குப் பிறகும் மனைவியின் சம்பளத்தைக் கணவர் கையெழுத்திட்டு வாங்கும் வழக்கம் தொடர்ந்ததை நாம் அறிவோம். வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்று விதி வைத்தால் ஆண்களே பட்டியலில் நிற்பார்கள். ஒரு வீட்டிலிருந்து கணவனும் மனைவியும் தனித்தனி உறுப்பினராகலாம் என்றும், பழம் கொண்டுவருபவரின் பெயரிலேயே பணம் என்றும் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். சீட்டுப் பிடிப்பதில் ஒரு சதமும் பிசகாமல் கணக்கு வைக்கும் பெண்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். பேரேட்டை அவர்களிடமே கொடுக்கலாம்.

பொதுத் தேவைக்கென ஒதுக்குவதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. நியாய வர்த்தகச் (Fairtrade) சான்று பெற்ற, கழுவிப் பதப்படுத்திய அராபிக்கா வகைக் கோப்பிக்கு, 2023 ஓகஸ்ட் முதல் இறாத்தலுக்கு 1.80 அமெரிக்க டொலர் என்ற அடிவிலையும், அதற்கு மேல் 20 அமெரிக்கச் சதம் சமூகத் தொகையும் விதிக்கப்பட்டன. அந்த 20 சதத்தை எதற்குச் செலவழிப்பது என்று உறுப்பினர்களின் பொதுக்கூட்டமே வாக்களித்துத் தீர்மானிக்கும்; குறைந்தது 5 சதமாவது விளைச்சலையும் தரத்தையும் உயர்த்தப் போக வேண்டும். உங்கள் ஊரின் அளவுக்கு அந்தச் சான்றிதழ் கட்டுப்படியாகாது என்று நினைக்கிறேன். ஆனால் விதியை இரவல் வாங்கச் செலவில்லை. விற்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, ஆண்டுக்கொரு தடவை பொதுக்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்யுங்கள்.

பொதுக் கழுவும் நிலையத்தால் ஒரு மலைநாடு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ருவாண்டாவைப் பார்க்கலாம். 1994இன் இனப்படுகொலைக்குப் பிறகு அங்கே கிராமங்களில் கழுவும் நிலையங்கள் பெருகின. அதுவரை வீட்டில் அரைகுறையாகப் பதப்படுத்தி மலிவாக விற்ற சிறு விவசாயிகளின் கோப்பி, தனித்துவமான கோப்பியாக உலகச் சந்தைக்குப் போனது. எப்போதும் நல்ல விலை நிற்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். ஏற்றுமதிப் பங்கீட்டைக் கட்டுப்படுத்திய சர்வதேசக் கோப்பி உடன்பாடு 1989இல் குலைந்த பின்னர், 2001 அளவில் அராபிக்கா விலை இறாத்தலுக்கு 50 சதத்துக்கும் கீழே போனது. அதே விலை 2025 பெப்ரவரியில் 4 டொலரைத் தாண்டியது. நல்ல ஆண்டின் மிச்சத்தில் ஒரு பகுதியைக் கெட்ட ஆண்டின் முதல் தவணைக்காக வைத்திருப்பது அவசியம்.

பதிவு செய்வதற்கு, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமநல சேவை நிலையத்தில் கமக்காரர் அமைப்பாகப் பதியலாம். வியாபாரம் பெருகினால் கூட்டுறவுச் சங்கமாக மாறுவது பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

மலைச்சாரல் (வெள்ளவத்தை)

மூவருக்கும் என் நன்றி. நேற்று மாமாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தவணை என்ற பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அவர் இரண்டு விடயங்களைக் கேட்கிறார். எங்கள் காணியின் உறுதி இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. ஐந்து பிள்ளைகளுக்கும் பிரிபடவில்லை. மரம் நட்ட பிறகு பிரச்சினை வருமா? அடுத்தது, கழுவும் தண்ணீரை ஓடையில் விடலாமா? கீழே உள்ள லயத்து மக்கள் அந்த ஓடையில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள்.

பதில் 4: ஓடைக்கரை (தெஹிவளை)

தங்கச்சி, இரண்டாவது கேள்வியை மாமா தாமாகவே கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல். கட்டாயம் விடக் கூடாது. பசை கரைந்த அந்தத் தண்ணீர் புளித்து, ஓடையில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும்; மீன் சாகும், தண்ணீர் நாறும், குடிப்பவர்களுக்கும் கேடு. உங்கள் பக்கத்து ஓடைகள் கடைசியில் மகாவலிக்குத்தான் போய்ச் சேருகின்றன. கோப்பியால் ஊருக்கு நன்மை என்று சொல்லும்போது, காணி இல்லாமல் லயத்தில் இருப்பவர்களின் குடிநீரும் அந்த ஊரில் அடங்கும் அல்லவா?

பல்ப்பருக்கு ஓடவிடும் தண்ணீரை அதே நாளில் மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தினால் அளவு வெகுவாகக் குறையும். மிஞ்சுவதை முதலில் ஒரு குழியில் தேக்கி, சுண்ணாம்பு இட்டுப் புளிப்பை முறித்து, பிறகு கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டாத தூரத்தில் புல் நிறைந்த இடத்தில் மெதுவாக ஊற விட வேண்டும். தோலை ஒருபோதும் தண்ணீரில் தள்ளாமல், மாட்டுச் சாணத்தோடு அடுக்கி மட்க வைத்தால், அதே கோப்பி மரங்களுக்கு நல்ல பசளை. தொட்டியும் ஊறு குழியும் செங்குத்தான சரிவின் தலைப்பில் வரக் கூடாது, ஏனென்றால் ஊறும் நீர் மண்ணைத் தளர்த்தும். 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. இடத்தைத் தெரிவு செய்வதற்கு முன், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் அந்தப் பகுதி எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

உறுதி விடயத்தில், மரம் நடுவதற்கு முன்னரே பேசிவிடுவது நல்லது. கோப்பி ஒரு போகத்தில் முடியும் பயிர் அல்ல. கவ்வாத்து வெட்டிப் பார்த்துக்கொண்டால் முப்பது ஆண்டுகள்கூட நிற்கும். பிரிபடாத காணியில் ஒருவர் நட, அது காய்க்கத் தொடங்கியதும் மற்றவர்கள் பங்கு கேட்க, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுவதை மலைநாட்டில் நிறையப் பார்க்கிறோம். ஐந்து பிள்ளைகளும் ஒத்துக்கொண்டால், நில அளவையாளரைக் கொண்டு அளந்து, நொத்தாரிசு முன்னிலையில் பிரிவினை உறுதி எழுதிக்கொள்ளலாம். இப்போதைக்கு அதற்குப் பணமில்லை என்றால், யார் எந்தப் பகுதியில் நடுகிறார், அதன் விளைச்சல் யாருக்கு, பின்னால் பிரிக்கும்போது அந்த மரங்களுக்கு என்ன ஈடு என்று ஓர் உடன்படிக்கையாவது எழுதி ஐவரும் கையெழுத்திடட்டும். கொழும்பில் இருக்கும் உங்கள் அம்மாவும் அந்த ஐவரில் ஒருவர் என்றால், அவருடைய கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு போங்கள்; மற்றவர்களிடம் பேசுவது எளிதாக இருக்கும்.